நெக்லெக்ட் டெஸ்டுக்கு நார்ம்ஸ் எடுப்பது: வடசென்னை மையத்தில் செய்ய வேண்டியவை

பக்கவாதம் வந்தவர் தட்டின் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் நெக்லெக்ட் (மூளைப் பாதிப்பால் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது) இருக்கும் என்று சந்தேகிக்கிறோம். அதற்கான பெல்ஸ் டெஸ்டில் (பல உருவங்களுக்கு நடுவே மணிப் படங்களைத் தேடிப் பென்சிலால் குறிக்கும் சோதனை) எத்தனை மணிகளை விட்டால் அது நோய் என்பதற்கு, நலமாக இருப்பவர்கள் எத்தனை விடுகிறார்கள் என்று தெரிய வேண்டும்; அந்த அளவுகள்தான் நார்ம்ஸ். இதை நாடு முழுக்கப் பல மையங்களில் எடுக்கிறோம். 3க்கு மேல் விட்டால் குறைபாடு என்ற வழக்கமான வரம்பு கனடாவில் உருவானது. பென்சிலே பிடித்திராத காசிமேட்டுப் பாட்டிக்கு அதை அப்படியே பொருத்துவது அநியாயம்.

முதலில் தாள். 35 மணிகள், அவற்றைச் சுற்றி 280 வேறு உருவங்கள். எல்லா மாநில மையங்களுக்கும் ஒரே அச்சகத்தில் அடித்து அனுப்புங்கள். ஜெராக்ஸ் வேண்டாம்: 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் உருவங்கள் சுருங்கும், கண் மங்கியவர்தான் மாட்டுவார். வந்த ஒவ்வொரு தாள்கட்டிலிருந்தும் ஒரு தாளை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

ஆள் சேர்ப்பில் வயதை நான்கு பிரிவாக்குங்கள். படிப்பையும் நான்காக்குங்கள்: பள்ளி போகாதவர், 1–5, 6–10, அதற்கு மேல். ஒரு வயதுப் பிரிவும் ஒரு படிப்புப் பிரிவும் சேர்ந்தது ஒரு கட்டம்; நாடு முழுக்கச் சேர்த்துக் கட்டத்துக்கு 50 பேராவது வேண்டும். பள்ளி போகாத முதியோர் கட்டத்துக்கு 100. கல்லூரி வாசலில் நின்றால் எளிதான கட்டங்கள்தான் நிரம்பும். மீனவ ஆண்களைப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே நல்ல நேரம். நெறிமுறைக் குழு அனுமதி முன்பே கையில் இருக்கட்டும். கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்டி, ஆய்வில் சேராத சாட்சி ஒருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

படித்த மொழியைத் தவறாமல் எழுதுங்கள். மண்ணடியில் உருதுவோ அரபியோ ஓதிப் பழகியவர் வலப்பக்கமிருந்து தேட ஆரம்பிக்கலாம்; அது நோயல்ல. முதலில் தாளின் எந்தப் பத்தியை (மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையை) தொட்டார் என்பதையும், மணிகளைத் தொட்ட வரிசையையும் உங்கள் பிரதியில் எண்ணிட்டுக்கொண்டே வாருங்கள்.

பக்கவாதம், தலைக்காயம், வலிப்பு இருந்தவர்களைச் சேர்க்காதீர்கள். அருகில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். வாசிப்புக் கண்ணாடியைப் பல எண்களில் எடுத்துப்போங்கள். புரை முற்றியவரைக் கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

சோதிக்கும்போது தாளின் நடு, மார்பின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் டீவியை அணைக்கச் சொல்லுங்கள். பேத்தி பக்கத்தில் நின்று, “ஆயா, அங்க ஒண்ணு இருக்கு பாரு” என்று காட்டிவிட்டால் அந்தத் தாள் செல்லாது. முன்காட்டுத் தாளில் மணியைத் தொட்டுக் காட்டிய பிறகே தொடங்குங்கள். முடிந்துவிட்டது என்று அவரே சொல்லும்வரை விடுங்கள். நேரத்தை மட்டும் குறியுங்கள்.

கணக்கில்தான் பெரிய பிழை நடக்கிறது. பெரும்பாலோர் மிகக் குறைவாகவே விடுவார்கள். சிலர் மட்டும் நிறைய விடுவார்கள். இப்படி ஒருபக்கம் சாய்ந்த பரவலில் சராசரியோடு இரண்டு திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சேர்த்துக் கோடு போட்டால் கோடு தப்பாக விழும். 5ஆம் சதமானத்தை நேரடியாக எடுங்கள்: 100 பேரில் மிக மோசமான ஐந்தாவது ஆள். 50 பேரில் அது இரண்டரை ஆள், ஒருவர் மாறினாலே வரம்பு நகரும். அதனால்தான் முதியோர் கட்டத்துக்கு 100 கேட்டோம்.

மொத்தப் பிழையோடு, இடப்பக்க 15 மணிகளில் விட்டதிலிருந்து வலப்பக்க 15இல் விட்டதைக் கழித்தும் தனி நார்ம் போடுங்கள்; நடுப் பத்தியின் 5ஐ இதில் சேர்க்காதீர்கள். சோர்வும் மங்கிய பார்வையும் இரு பக்கமும் பிழை தரும், நெக்லெக்ட் ஒரு பக்கம்தான் சாயும். படிக்காதவரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டுவது இந்த எண்தான்.

முடிவு மாறாமல் வருகிறதா என்று பார்க்க, 30 பேரை இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். தாள்களை இருவர் தனித்தனியே திருத்தட்டும்.