ரேடியேட்டர் சூடாகவில்லையா? முதலில் காற்றை வெளியே விடுங்கள்

குக்கர் வைத்துப் பழகியவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். ஆவி சீராக வர ஆரம்பித்த பிறகுதான் வெயிட் போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போனால்தான் அந்த இடத்தில் ஆவி நிறையும், அதற்காகத்தான். குளிர் நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைத்திருக்கும், நீராவியால் சூடாகும் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டரும் அதே கதைதான். ஆனால் இங்கே பக்கத்தில் நின்று பார்த்து வெயிட் போட ஆள் கிடையாது. ரேடியேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு நிற்கிற ஒரு சின்ன உலோகக் குப்பி அந்த வேலையைத் தானாகச் செய்கிறது. அதுதான் ஏர் வென்ட்.

ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் பதினோரு குளிர்காலம் இருந்திருக்கிறேன். மூன்றாவது குளிர்காலத்தில் படுக்கையறை ரேடியேட்டர் சில்லென்று கிடந்தது. அதற்கு வரும் குழாயோ கை வைக்க முடியாத சூடு. பார்க்க வந்தவர், பிரஷர் போதவில்லை என்று, கீழ்த்தளத்தில் ஆவி உண்டாக்கும் பாய்லரில் பிரஷரை ஏற்றி வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி மற்ற அறைகளில் எல்லாம் வென்ட்டுகள் பாம்பு மாதிரி சீறின. என் அறையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஆவி வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே காற்று உட்கார்ந்துகொண்டு இடம் விட மாட்டேன் என்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் டம்ளர் நிறையாது. அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டால் தானாக நிறையும்.

இந்தக் குறிப்பு ஒற்றைக் குழாய் அமைப்புக்கு மட்டும். ரேடியேட்டருக்கு ஒரே ஒரு குழாய்தான் வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒரே குழாயில்தான் ஆவி மேலே வருகிறது, குளிர்ந்து தண்ணீரானதும் அதே குழாயில் கீழே திரும்புகிறது. இரண்டு முனையிலும் குழாய் இருந்தால் அது வேறு சாதி. அங்கே திரும்பும் பக்கம், ஆவியை நிறுத்தித் தண்ணீரை விடும் ஸ்டீம் ட்ராப் என்ற வேறொரு கருவி இருக்கும், பொதுவாக வென்ட் தேவைப்படாது. அதில் யாராவது வென்ட் மாட்டி வைத்திருந்தால், கெட்டுப்போன ட்ராப்பை மறைக்க வைத்த ஒட்டு என்றே நான் சந்தேகப்படுவேன்.

வென்ட் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். குழாய் நுழையும் முனைக்கு எதிர் முனையில், ஏறக்குறைய பாதி உயரத்தில் இருக்கும். வெந்நீர் ரேடியேட்டரில் காற்றைத் திறந்துவிடும் திருகு உச்சியில் இருக்கும், ஏனென்றால் காற்று தண்ணீரின் மேலே போய் நிற்கும். இங்கே நேர்மாறு. ஆவி காற்றைவிட லேசானது. அது முதலில் மேல்பகுதியில் ஓடிப் பரவிக் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டு வரும். வென்ட்டை உச்சியில் வைத்தால் ஆவி சீக்கிரம் வந்து அதை மூடிவிடும், கீழே காற்று அப்படியே மாட்டிக்கொள்ளும்.

குப்பிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வென்ட்டை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தேன். உள்ளே ஒரு சின்ன மூடிய டப்பா, அதன் தலையில் ஒரு ஊசி, ஊசிக்கு நேர் மேலே வெளியே போகும் ஓட்டை. டப்பாவுக்குள் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கொஞ்சம் திரவம். ஆவி வந்து தொட்டதும் அது கொதித்து டப்பாவின் மெல்லிய அடித்தகட்டை வெளியே உப்ப வைக்கிறது, டப்பா மேலே எழுகிறது, ஊசி ஓட்டையில் போய் உட்காருகிறது. தண்ணீர் பெருகி வந்தாலும் டப்பா மிதந்து ஓட்டையை மூடும். சூடு தணிந்ததும் ஊசி இறங்கி வெளிக்காற்று உள்ளே போகும். இந்த இரண்டாவது மூச்சு முக்கியம். அது இல்லாவிட்டால் குளிரும் ரேடியேட்டரில் வெற்றிடம் உண்டாகி, திரும்பிப் போக வேண்டிய தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். எல்லா வென்ட்டும் இதே வடிவம் இல்லை, சிலவற்றில் இரட்டை உலோகத் தகடு வளைந்து ஓட்டையை மூடும்.

சரி, கோளாறைக் கண்டுபிடிக்கக் காதும் கையும் போதும். பாய்லர் ஓட ஆரம்பித்ததும் ரேடியேட்டர் பக்கத்தில் உட்காருங்கள். மெல்லிய காகிதத் துண்டை வென்ட்டின் ஓட்டைக்கு நேரே பிடித்தால் லேசாக ஆட வேண்டும். குழாய் சுட்டும் காகிதம் அசையவில்லை என்றால் வென்ட் அடைத்திருக்கிறது, அல்லது குழாய்ப் பக்கத்து வால்வு மூடியிருக்கிறது. ஆரோக்கியமான வென்ட் உஸ் என்று கொஞ்ச நேரம் மூச்சு விடும், சூடு ரேடியேட்டரின் ஒவ்வொரு பகுதியாக நகர்ந்து அதை எட்டும், ஒரு சின்ன டிக் சத்தம், பிறகு அமைதி. சூடான பிறகும் வெள்ளையாக ஆவி கக்கிக்கொண்டே இருந்தால் அது மூட மறுக்கிறது. இதை ஈரப்பதத்துக்கு நல்லது என்று விட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே போன ஆவிக்குப் பதிலாகப் பாய்லருக்குப் புதுத் தண்ணீர் விட வேண்டும். புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் பாய்லரை உள்ளிருந்து தின்னும். வென்ட் அதைவிட மலிவு.

தண்ணீர் துப்பினால் வென்ட்டைத் திட்டுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் குழாய் இருக்கும் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். கொத்தனார் பாஷையில் சொன்னால், வாட்டம் குழாயைப் பார்த்து இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் அந்தப் பாரம் தரைப்பலகையை அமுக்கி வாட்டத்தை மாற்றிவிடும். வென்ட் பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒரு சின்ன மரச்சக்கையோ உலோகத் தகடோ கொடுத்தால் முடிந்தது. ஒரு அறையில் இதைச் செய்ததோடு துப்பலும் நின்றது, நடுராத்திரியில் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி வந்த சத்தமும் நின்றது. குழாய்ப் பக்கத்து வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுதாக மூடியிருக்க வேண்டும். சூட்டைக் குறைக்கிறேன் என்று பாதி மூடினால் ஆவி நுழையும் வழியிலேயே தண்ணீர் திரும்ப முடியாமல் தேங்கும், அதே சுத்தியல் சத்தம் வரும்.

இன்னும் இரண்டு விஷயம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒன்று, பிரஷர். வீட்டு ஆவி அமைப்புக்கு 2 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் தேவையில்லை. சமையலறைக் குக்கர் சுமார் 15 பிஎஸ்ஐயில் வேலை செய்கிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். கூட்டினால் சூடு கூடாதா என்றால், 2 பிஎஸ்ஐயில் ஆவியின் சூடு ஏறக்குறைய 104 டிகிரி செல்சியஸ், 5 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் 108. அந்த நான்கு டிகிரிக்காக எரிபொருளும் வீணாகும், வென்ட்டும் பாழாகும். அழுத்தம் அதிகமாக இருந்தால் உள்ளே குளிர்ந்த பிறகும் அதுவே ஊசியை ஓட்டையில் அமுக்கிப் பிடித்திருக்கும். வென்ட் திறக்காது. எங்கள் கட்டடத்தில் ஏற்றி வைத்ததை இறக்கிய அன்றே பாதி சீறல் அடங்கியது.

இரண்டு, பிரதான குழாயின் வென்ட். கீழ்த்தளத்தில் ஓடும் பெரிய ஆவிக் குழாயின் கடைசியில் ஒரு பெரிய வென்ட் இருக்க வேண்டும். இரண்டு அங்குலக் குழாய் 30 அடி ஓடினால் அதற்குள் கிட்டத்தட்ட 20 லிட்டர் காற்று இருக்கும். அதைப் பெரிய வென்ட் வேகமாக வெளியே விடாவிட்டால், முழுக்க அறைகளில் உள்ள ஊசி ஓட்டைகள் வழியாகத்தான் போக வேண்டும். எல்லா ரேடியேட்டரும் நெடுநேரம் உஸ் உஸ் என்று முனகும், பாய்லருக்கு அருகில் உள்ள அறை வேகும், கடைசி அறை நடுங்கும். கட்டடம் முழுக்கப் பிரச்சினை என்றால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான், அறை வென்ட்டுகளை அல்ல.

இப்போது மாற்றும் வேலை. பாய்லரை நிறுத்துங்கள். அறையின் சூட்டைப் பார்த்துப் பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது, யாராவது ஏற்றிவிடுவார்கள், மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் கை வைக்கிற அளவுக்குக் குளிரட்டும். சூடாக இருக்கும்போது வென்ட்டைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக ஆவி நேராக முகத்தில் அடிக்கும்.

பழைய வென்ட்டை உடம்பில் பிடித்துத் திருகாதீர்கள். மரைக்குப் பக்கத்தில் கழுத்து இருக்கும், அங்கே ரிஞ்சைப் போட்டு இடஞ்சுழியாக, மெதுவாகத் திருப்புங்கள். நான் முதல்முறை அவசரப்பட்டு ஒரே இழுப்பு இழுத்தேன். வென்ட் கையோடு வந்தது, மரைத்துண்டு மட்டும் ரேடியேட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. வார்ப்பிரும்பில் பித்தளை மாட்டிக்கொண்டால் பொறுமைக்குத்தான் சோதனை. இரும்பறுக்கும் ரம்பத்தின் பிளேடை மட்டும் கழற்றி, மாட்டிய துண்டில் உட்புறமாக ஒரு வெட்டுப் போட்டு, அந்தப் பித்தளையை உள்நோக்கி மடக்கி உரித்து எடுத்தேன். ஒரு மதியம் முழுக்கப் போனது. வெட்டு ரேடியேட்டரின் மரைவரை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரை கெட்டிருந்தால் எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரைக்கான, மரை வெட்டும் கருவியை (tap) விட்டுச் சரிசெய்யலாம், அங்குலத்துக்கு 27 சுற்று உள்ள மரை அது. கடையில் கேட்கும்போது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓட்டைக்குள் வளைந்த கம்பியை விட்டுத் துருச்சேற்றைக் கிளறி எடுங்கள். என்னுடையதில் காபித்தூள் மாதிரி ஒரு கரண்டி வந்தது. புது வென்ட்டின் மரையில் டெஃப்லான் டேப்பை, திருகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். முதல் மரையை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் டேப்பின் நுனி உள்ளே தொங்கி வழியை அடைக்கும். சில வென்ட்டுகளில் மரையின் வாயிலிருந்து ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தொந்தரவு என்று அதை வெட்டிவிடாதீர்கள், வென்ட்டுக்குள் சேரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் ரேடியேட்டருக்குத் திரும்புகிறது.

கையால் போகும் வரை திருகி, அப்புறம் ரிஞ்சால் கால் சுற்றோ அரைச் சுற்றோ. வென்ட் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தாலோ தலைகீழாக நின்றாலோ டப்பா சரியாக வேலை செய்யாது. நேர் நிலையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள், கசியும். கழற்றி டேப்பைப் புதிதாகச் சுற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எந்த அளவு வாங்குவது? இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். வேகமாகக் காற்றை விடுவது நல்லதுதானே என்று படுக்கையறைக்கு இருப்பதிலேயே பெரிய ஓட்டை உள்ளதை மாட்டினேன். ஆவி அந்தச் சின்னக் குழாயில் பாய்ந்து ஓடி, எதிரே திரும்பி வரும் தண்ணீரையும் மேலே தள்ளிக்கொண்டு வந்தது. வென்ட் குழந்தை மாதிரி எச்சில் துப்பியது, சுவரெல்லாம் துருக்கறை. கோர்ட்டன் நிறுவனத்தின் வென்ட்டுகளுக்கு 4, 5, 6, சி, டி என்று அளவு இருக்கும். 4 மிக மெதுவானது, டி மிக வேகமானது. பாய்லருக்கு அருகில் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்கும், தெர்மோஸ்டாட் இருக்கும் அறைக்கும் மெதுவானது. தெர்மோஸ்டாட் அறை சீக்கிரம் சூடாகிவிட்டால் பாய்லர் நின்றுவிடும், கடைசி அறை அநாதையாகிவிடும். தூரத்தில் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்கும் மேல்மாடிக்கும் வேகமானது. ஓட்டையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகையும் உண்டு. அளவு பிடிபடாத முதல் வருஷத்துக்கு அது வசதி. ஆனால் வீட்டில் ஆளாளுக்குத் திருகுவார்கள்.

பழையதை உடனே எறிய வேண்டாம். வெள்ளை வினிகரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீரில் அலசி, மரைப் பக்கமாக ஊதிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் காற்று தாராளமாகப் போக வேண்டும். பிறகு இடுக்கியால் பிடித்து, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் ஒரு நிமிஷம் காட்டி மறுபடி ஊதுங்கள், இப்போது போகக் கூடாது. வாயை நேராக வைக்காதீர்கள், ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள். இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் வினிகரில் போட்ட நான்கில் ஒன்றுதான் பிழைத்தது. அதை அவசரத்துக்கு என்று டிராயரில் வைத்திருக்கிறேன்.

பெயின்ட் அடிக்க ஆள் வருவதற்கு முதல் நாள் எல்லா வென்ட்டையும் கழற்றி, எந்த அறையினுடையது என்று எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். எட்டில் ஒரு அங்குலப் பிளக் வாங்கி அந்த ஓட்டைகளை மூடிவிட்டால் தூசும் போகாது, தெரியாமல் யாராவது பாய்லரைப் போட்டாலும் ஆவி வெளியே வராது. என் படுக்கையறை வென்ட்டின் ஓட்டையில் அன்று ஊசியால் குத்தியபோது உதிர்ந்தது வெள்ளைப் பெயின்ட்.