முதல் கேமிங் பிசி: கொட்டேஷனிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

2024 மே மாதம், பிளஸ் டூ முடித்த என் சித்தி பையன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். சென்னை ரிச்சி தெருவில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். "அண்ணா, 60 ஆயிரத்துக்குள்ள வருது. ஓகேவா?" என்று கீழே கேட்டிருந்தான். முதல் வரியில் ஐ7-12700 பிராசஸர். பட்ஜெட்டில் பெரும்பங்கு அந்த ஒரு வரிக்கே போயிருந்தது. கடைசி இரண்டு வரிகளில் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்", "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று மட்டும் இருந்தது. எஸ்எம்பிஎஸ் என்பது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எதுவும் இல்லை. போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். கார்டு ஜிடி 730 என்றார்கள்.

ஜிடி 730 வந்தது 2014-இல். டிஸ்ப்ளே வந்தால் போதும் என்பவர்களுக்கான கார்டு அது. அதில் 4 ஜிபி மெமரி இருப்பதால் கேம் ஓடிவிடாது. மெமரி என்பது சாமான் வைக்கிற பரண் மாதிரி. வேலை செய்கிற ஆள் வேறு. "எத்தனை ஜிபி கார்டு?" என்று கேட்டு வாங்குவதுதான் நம்மூரில் நான் அதிகம் பார்க்கும் தவறு. கார்டின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் நீங்கள் விளையாடும் கேமில் அது எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) தருகிறது என்று யூடியூபில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஐ7 ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. லேப்டாப் வாங்கும்போது ஐ3, ஐ5, ஐ7 என்று படிப்படியாக மேலே போய்ப் பழகிவிட்டோம். கேமில் கணக்கு வேறு. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். அதை வைத்து ஒவ்வொரு ஃபிரேமையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டரில் கதை உள்ள பெரிய கேம்களை ஆட, 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்) உள்ள ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 தாராளமாகப் போதும். அதற்கு மேல் பிராசஸரில் போடும் பணம் கார்டிலிருந்து பிடுங்கிய பணம்தான். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட, கார்டுக்கு ஒதுக்குங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரி கேம்களை மட்டும் 200 எஃப்பிஎஸ்-க்கு மேல் ஆட வேண்டும் என்றால் பிராசஸருக்கும் பங்கு கூடும். அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: என்ன கேம் ஆடப் போறீங்க? மானிட்டர் எது?

பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. "பிராசஸர், போர்டு எல்லாம் இப்போ வாங்கிக்கலாம், கார்டு தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்" என்று 12400எஃப் வாங்கி, மூன்று மாதம் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். பாகத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. படம் வர வழியே இல்லை, அவ்வளவுதான். ரைசன் 5 5600-க்கும் அதே கதை. 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு. ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. கார்டு பிறகுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஜி சரி. இப்போதே வாங்குபவர்களுக்கு அது தேவையில்லை.

'ஐ7' என்ற சொல்லை மட்டும் கேட்டுப் பழைய ஜெனரேஷனை வாங்குவது இன்னும் மோசம். 2012-இல் வந்த ஐ7-3770-க்கும் 4 கோர் 8 த்ரெட்தான், 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் 4 கோர் 8 த்ரெட்தான். வேகத்தில் அந்த ஐ3 எங்கேயோ போய்விடும். பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதும் இல்லை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். பழைய போர்டில் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மதர்போர்டில் சாக்கெட்டும் (பிராசஸர் உட்காரும் இடம்) ரேமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 ரேம் மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெலின் எல்ஜிஏ 1700-இல்தான் குழப்பம்: ஒரே சாக்கெட், ஆனால் சில போர்டுகள் டிடிஆர்4, சில டிடிஆர்5. ஒன்றின் ரேம் இன்னொன்றில் ஏறாது. கடையில் ரொம்ப நாளாகக் கிடந்த பி450 (பழைய ஏஎம்4) போர்டு என்றால், பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் ரைசன் 5000 வரிசை அதில் ஓடாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

ரேமில் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 8 ஜிபி நல்லது, டூயல் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து, வாங்கிய வேகத்தை முழுசாகப் பயன்படுத்தாமல் விடுவது இன்னும் வலிக்கிற விஷயம்.

எஸ்எம்பிஎஸ்

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் மெஷின் போனது இதனால்தான். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரவுசர், படம் எல்லாம் ஒழுங்காக ஓடும். கேமில் கூட்டமான இடம் வந்தால் படக்கென்று ஆஃப் ஆகும். கார்டு சூடாகிறது என்று நினைத்து ஃபேன் மாட்டினேன், சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தது. எஸ்எம்பிஎஸ் போனதோடு போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் அது எவ்வளவு லேசு என்று உறைத்தது. காலி டப்பா மாதிரி. வயர்கள் காதில் மாட்டும் ஹெட்போன் வயர் கனத்தில் இருந்தன.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் கரண்ட் எடுப்பது அங்கிருந்துதான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். மேலே 450 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு உதவுவது இந்த 216 தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் வரும். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்புக்கு அது சான்று ஆகாது. அந்தக் குறிப்பிட்ட மாடலின் ரிவ்யூவைப் படியுங்கள், எத்தனை வருட வாரன்டி என்று பாருங்கள். அதே நேரம் 850 வாட்டுக்கும் ஓட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடுப்பது 115 வாட், 12400எஃப் உச்சத்தில் 117 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டுவது அபூர்வம். தரமான 550 வாட் போதும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் அதனுடன் வந்த கேபிளை மட்டும் மாட்டுங்கள். இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அச்சாக அப்படியே பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் ஆன் செய்த நொடியில் டிரைவ் கருகிவிடலாம்.

வீட்டு மின்சாரத்தையும் கவனியுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள். 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். மானிட்டரையும் அதிலேயே போட்டு முழு வேகத்தில் ஆடினால் விளிம்பில் நிற்கும். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் கேமிங் மெஷினை ஓட்டாதீர்கள்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டாம். சென்னை மே மாதத்தில் காற்று எந்த வழியாக உள்ளே போகும்? வலை வைத்த மாடல் வாங்குங்கள், விளக்கு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. எஸ்எஸ்டி-யில் எம்.2 வடிவம் என்றாலே வேகமான என்விஎம்இ என்று நினைக்காதீர்கள், அதே வடிவத்தில் வேகம் குறைந்த சாட்டாவும் உண்டு.

பழைய கார்டு வாங்குவது தப்பே இல்லை. ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது உலகம் முழுக்க நடந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்டவற்றில் பலவற்றைப் போலி என்று காட்டிவிடும். அதைத் திறந்து பாருங்கள், பிறகு அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புதிதாக வாங்கினால், "பில் இல்லாம குறைச்சுத் தரேன்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்த ஜிஎஸ்டி பில்லைத்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று சரிபாருங்கள்.

தம்பியின் கொட்டேஷனை அன்றைக்கே மாற்றினோம். 12400எஃப், டிடிஆர்4 போர்டு, இரண்டு 8 ஜிபி, ஆர்எக்ஸ் 6600 கார்டு, மாடல் பெயர் எழுதிய 550 வாட் எஸ்எம்பிஎஸ். வீட்டில் இருந்த மானிட்டரையே வைத்துக்கொண்டதால் அதே 60 ஆயிரத்துக்குள் அடங்கியது. முதல் நாள் ராத்திரி போன் பண்ணினான்: "அண்ணா, எல்லாம் மாட்டிட்டேன், டிஸ்ப்ளே வரலை." எச்டிஎம்ஐ கேபிளை எங்கே சொருகியிருக்கிறாய் என்று கேட்டேன். மதர்போர்டில் சொருகியிருந்தான். கழற்றி, கீழே கார்டில் போடச் சொன்னேன். இரண்டு நொடி சத்தம் இல்லை. அப்புறம் ஒரு கத்து கத்தினான், பக்கத்து அறையில் இருந்த சித்தி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.