பாலிசி வாங்கும் முன் பெரியாஸ்பத்திரியையும் கணக்கில் வையுங்கள்

எல்லாருக்கும் அரசே மருத்துவம் பார்க்க வேண்டுமா, அவரவர் காப்பீடு எடுத்துக்கொண்டால் போதுமா என்ற வாதம் நம் நாட்டில் மிகப் பழையது. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இலேயே எழுதி வைத்தது. அந்த வாதம் தீரும்வரை நம் வீட்டு நோய் காத்திராது என்பதால், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் ஒரு குடும்பம் இரண்டையும் எந்த வரிசையில் கையாள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் கண்டறிந்த வரிசை இதுதான்: நம் வரிப்பணத்தில் நமக்கு உரியதை முதலில் பெற வேண்டும், அது எட்டாத இடத்துக்கு மட்டுமே பாலிசி வாங்க வேண்டும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்றே சேருங்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்பெயர் பெற்று, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இத்திட்டத்தில், குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு இத்திட்டத்தின் காப்பீட்டு அட்டைக்கு அலைவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே இத்திட்டம் பொருந்தும். புறநோயாளியாக வாங்கும் மாத்திரைக்குப் பொருந்தாது.

இந்த அட்டை தனியார் மருத்துவமனைக்கு மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். கோரிப்பாளையத்துக்கு அருகே உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். உங்களிடம் எப்படியும் பணம் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வந்து சேரும்.

சாலை விபத்து என்றால் வருமானம் பார்க்கப்படுவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்கூட, நிர்ணயித்த வரம்புக்குள் இலவசம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர், தம் நிறுவனம் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு செய்துள்ளதா என்று கேட்டறிய வேண்டும். தொழிலாளி 0.75 விழுக்காடு செலுத்தினால், அவரை நம்பி வாழும் பெற்றோர் வரை குடும்பத்துக்கே பாதுகாப்பு உண்டு.

இவற்றுக்குள் வராத நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் தனியார் பாலிசி உண்மையிலேயே தேவைப்படுகிறது. அங்கே தொகையைவிட விதிகளைப் பாருங்கள். என் தாயாருக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது 3 லட்சம் ரூபாய் பாலிசி கையில் இருந்ததால் கவலையின்றி இருந்தோம். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய், என்ற வரியை நாங்கள் எவரும் படித்திருக்கவில்லை. காற்றோட்டமாக இருக்கிறதே என்று 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் வைத்திருந்தோம். வாடகை வித்தியாசம் 12,000 ரூபாயோடு போயிருந்தால் தாங்கியிருப்போம். இரண்டு மடங்கு வாடகை அறையில் இருந்த காரணத்தால் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர் கட்டணம் என்று வந்த 80,000 ரூபாயிலும் பாதியை வெட்டினார்கள். டிஸ்சார்ஜ் கவுண்டரில் அம்மா சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்க, 52,000 ரூபாய்க்காகத் தங்கையின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஆகவே அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியையே தேர்ந்தெடுங்கள். பழைய பாலிசியில் வரம்பு இருந்தால், அதற்குள் அடங்கும் அறையையே கேளுங்கள்.

அடுத்து, இருக்கும் நோயை மறைக்காதீர்கள். முகவர் 'இல்லை' என்று நிரப்பிக் கையெழுத்து வாங்கிய ஒரு விடையே பிற்பாடு கிளெய்ம் மறுக்கக் காரணமாகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது 2024 முதல் விதி. தொடர்ந்து 5 ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பின், மோசடி என்று நிரூபித்தால் தவிர, சொல்லாமல் விட்டதைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும், அப்போது வயதும் கூடியிருக்கும்.

வயது கூடக் கூடப் பிரீமியம் ஏறுவதுதான் தனியார் காப்பீட்டில் என் மனம் ஒப்பாத இடம். சம்பாத்தியம் நின்ற வயதில், நோய் வரும் வயதில், அதிகமாகக் கட்டச் சொல்கிறது. வரியால் நடக்கும் மருத்துவமனையில், உழைக்கும் வயதில் எல்லாரும் கொடுத்தது, படுத்த நாளில் வந்து சேர்கிறது. நம் ஊரிலேயே 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கொடுக்க முடிந்தவர் தரும் கட்டணத்தைக் கொண்டு முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை செய்து காட்டியது. பெரியாஸ்பத்திரியில் கூட்டமும் காத்திருப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வசதியுள்ளவர்கள் எல்லாரும் பாலிசியோடு ஒதுங்கிவிட்டால், அங்கே குறை என்று உரக்கக் கேட்கும் குரலும் குறைந்துவிடுகிறது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம்; கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அதே அக்கறையை அரசு மருத்துவத்துக்கும் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை, மருந்து இல்லை என்றால், தேதியையும் மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.