வளர்ப்பு முயலுக்கு என்ன கொடுக்கலாம்?

முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்லாகவே இருக்கவேண்டும். கினிப்புல், அறுகம்புல் இரண்டும் நல்லது. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும். நார்ப்புல்லை அரைத்து மென்றால்தான் தேயும், குடலும் ஓடும். வைக்கோலில் நார் உண்டு, சத்துக் குறைவு. அதை மட்டும் நம்பவேண்டாம்.

வன்னியில் புல்லுக்குக் குறைவில்லை, ஆனால் மருந்தடித்த வயல் வரம்பில் மட்டும் வெட்டாதீர்கள். வெட்டிய புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும். அது வயிற்றை ஊதவைக்கும். நிழலில் பரப்புங்கள். மாரிக்குத் தேவையானதைக் கோடையிலேயே, பூக்கமுதல் வெட்டி, புரட்டிப் புரட்டிக் காயவைத்துக் கட்டிவையுங்கள்.

வல்லாரை, பொன்னாங்காணி தினமும் ஒரு பிடி. முருங்கையிலையில் கல்சியம் கூட, கொஞ்சமாகப் போதும். கடைத்தீன் கொடுத்தால் வளர்ந்த முயலுக்கு அதன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கரட், வாழைப்பழம் இனிப்புத்தான்: வாரத்தில் இரண்டு முறை, ஒரு சிறு துண்டு. சோறும் பாணும் கூடவே கூடாது. மரவள்ளியிலையும் வெங்காயமும் நஞ்சு.

புதுத் தீனை ஒரு கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பன்னிரண்டு மணித்தியாலம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காத்திராமல் உடனே மிருகவைத்தியரிடம் கொண்டுபோங்கள்.