விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்

கடையில் ஒரே மாடல் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இரண்டு விதமாக விற்கும். ஒன்றின் பெட்டியில் ‘ஃபார் மேக்’ என்று போட்டிருக்கும். சில சமயம் விலையும் கூடுதல். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான், ஃபார்மட் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) மட்டும் வேறு. விலை குறைந்ததை எடுங்கள். ஃபார்மட்டை வீட்டில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது கேபிளைக் கவனியுங்கள். பழைய லேப்டாப்பில் அகலமான யூஎஸ்பி போர்ட் இருக்கும், மேக்புக் ஏரில் டைப்-சி மட்டும்தான். இரண்டுக்கும் போக வேண்டுமென்றால் ஒரு அடாப்டரும் சேர்த்து வாங்குங்கள். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம்.

சரி, எந்த ஃபார்மட்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக்கில் செருகினால் படங்கள் திறக்கும், பாட்டு ஓடும். ஆனால் ஒரு ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டால் ஏறாது. பெயரைக்கூட மாற்ற முடியாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்கையோ விண்டோஸ் தானாகப் படிக்கவே படிக்காது. பழைய ஃபேட்32 எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். மிச்சம் எக்ஸ்ஃபேட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது; மேக்கில் படிக்கவும் எழுதவும் வரும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் 5.4 பதிப்பு முதல் உண்டு. நம் வேலைக்கு இதுதான்.

இனி செய்முறை. ஃபார்மட் செய்தால் டிஸ்கில் உள்ளதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

1. விண்டோஸில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, டிஸ்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃபார்மட்’ கொடுங்கள். டிரைவ் எழுத்து சரிதானா என்று இரண்டு முறை பாருங்கள்.

2. ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட். ‘குவிக் ஃபார்மட்’ டிக் இருக்கட்டும். ‘ஸ்டார்ட்’.

மேக் மட்டும்தான் கையில் இருக்கிறதா? ‘டிஸ்க் யுடிலிட்டி’யில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுங்கள். இதை விட்டுவிட்டால் ஸ்கீம் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) மாற்றும் இடமே தெரியாது. பட்டியலில் அந்த டிஸ்குக்குரிய வரிகளில் மேலே உள்ளதைத் தேர்ந்து ‘எரேஸ்’. ஃபார்மட் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் ‘ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்’. ‘ஆப்பிள் பார்ட்டிஷன் மேப்’ என்று போட்டால் விண்டோஸ் படிக்காது.

3. ஒரு ஃபைலை ஒரு கணினியில் ஏற்றி, மற்றதில் திறந்து, பெயரை மாற்றிப் பாருங்கள். மாறினால் வேலை முடிந்தது.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பாதுகாப்பு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபைல்கள் கெடலாம், எப்போதும் ‘இஜெக்ட்’ கொடுத்துவிட்டே எடுங்கள். அப்புறம், இந்த டிஸ்கை மேக்கில் செருகும்போது, மேக்கோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷின் பேக்கப்புக்குக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அதற்கு எக்ஸ்ஃபேட் ஆகாது, டிஸ்கை அழித்துத் தன் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடும். பேக்கப்புக்குத் தனி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.