அம்மாவோட சுகர் மாத்திரை நின்னு போச்சு, இப்படித்தான் சரி பண்ணேன்

அம்மாவுக்கு 12 வருஷமா சுகர். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சுகர் மாத்திரை மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வந்துட்டு இருந்துச்சு. போன வருஷம் வீடு மாத்தினோம், அதோட நின்னுடுச்சு. சரி வருவாங்க வருவாங்கன்னு நான் பாட்டுக்கு மெடிக்கல்ல மாசம் 800 ரூபாய்க்கு வாங்கிட்டு இருந்தேன், பாத்தா அம்மா காசு மிச்சம் பிடிக்கறேன்னு ராத்திரி மாத்திரைய பாதியா உடைச்சுப் போட்டிருக்காங்க, தலகாணி அடியில மிச்ச பாதி எல்லாம் ஒரு பேப்பர்ல மடிச்சு வச்சிருந்துச்சு!

அப்புறம்தான் அரசு மருத்துவ உதவி எண் 104க்கு போன் போட்டேன். புது ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேர்ல போகச் சொன்னாங்க. அம்மாவோட பழைய மருந்து நோட்டு, ஆதார் எடுத்துட்டு காலையிலயே போனோம், சுகர் பாத்தாங்க, 260. விஷயம் என்னன்னா அம்மா பேரு இன்னும் பழைய ஏரியா லிஸ்ட்லயே இருந்திருக்கு, இங்க வீடு வீடா மாத்திரை குடுக்கற தன்னார்வலருக்கு அப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாது. நர்ஸம்மா அங்கயே பேர மாத்தி எழுதி கையோட ஒரு மாச மாத்திரையும் குடுத்துட்டாங்க, பைசா செலவில்ல. இப்போ அந்த தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷரும் பாத்துட்டுப் போறாங்க. வீடு மாத்தறவங்க கேஸ் கனெக்‌ஷன் மாத்தற அன்னிக்கே இதையும் மாத்திடுங்க.