அடர்த்தி மாறும் கோளத்தின் மொத்த மின்னூட்டம்: கூடு கூடாகக் கணக்கிடுங்கள்

10 செ.மீ. ஆரமுள்ள ஒரு கோளம். மையத்தில் மின்னூட்ட அடர்த்தி கன மீட்டருக்கு 6 மைக்ரோகூலூம். வெளியே போகப் போக அது ஒரே சீராகக் குறைந்து விளிம்பில் சுழியாகிவிடுகிறது. மொத்த மின்னூட்டம் எவ்வளவு?

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பிலிருந்து ஒரு விடை வந்துவிடும். சராசரி அடர்த்தி 3, கோளத்தின் கன அளவால் பெருக்கினால் 12.57 நானோகூலூம் என்பார்கள். உண்மையான விடை அதில் பாதிதான். நேரே தொகையிடலுக்குத் தாவுவது எனக்குப் பிடிக்காது. முதலில் கையால் கூட்டிப் பார்த்தால்தான் சராசரி ஏன் ஏமாற்றுகிறது என்று புரியும்.

கோளத்தை 2 செ.மீ. தடிமனுள்ள, வெங்காயத் தோல்போல ஒன்றையொன்று சூழ்ந்த ஐந்து கூடுகளாகப் பிரியுங்கள். அவற்றின் நடு ஆரங்கள் 1, 3, 5, 7, 9 செ.மீ. அந்த ஆரங்களில் அடர்த்தி முறையே 5.4, 4.2, 3.0, 1.8, 0.6. ஒரு கூட்டின் கன அளவு ஏறத்தாழ 4 × பை × ஆரம்² × தடிமன். அதாவது உள்ளே இருக்கும் முதல் கூடு வெறும் 25 கன செ.மீ.; கடைசிக் கூடு 2036 கன செ.மீ. அடர்த்தியையும் கன அளவையும் பெருக்கினால் ஒவ்வொரு கூட்டிலும் இருக்கும் மின்னூட்டம், நானோகூலூமில்:

0.14, 0.95, 1.88, 2.22, 1.22

கூட்டினால் 6.41. இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். அடர்த்தி மிகுந்த மையக் கூடுதான் மிகக் குறைவாகத் தருகிறது. மிக அதிகமாகத் தருவது 7 செ.மீ. கூடு. அடர்த்தி குறைந்த வெளிப்பகுதியில் இடம் ஏராளம். சராசரி எடுத்தவர் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி கூடுகளை மெலிதாக்கிக்கொண்டே போனால் கூட்டல் தொகையிடலாக மாறும்.

அடர்த்தி = மைய அடர்த்தி × (1 − ஆரம் ÷ வெளி ஆரம்)

இதை 4 × பை × ஆரம்² ஆல் பெருக்கி, சுழியிலிருந்து வெளி ஆரம் வரை தொகையிடுங்கள். அடைப்புக்குள் இருப்பதில் முதல் உறுப்பு வெளி ஆரம்³ ÷ 3 தரும். இரண்டாவது வெளி ஆரம்³ ÷ 4 தரும். வித்தியாசம் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே

மொத்த மின்னூட்டம் = பை × மைய அடர்த்தி × வெளி ஆரம்³ ÷ 3

எண்களைப் போட்டால் 6.28 நானோகூலூம். ஐந்தே கூடுகளில் கையால் கூட்டியது இதிலிருந்து இரண்டு சதவீதம்தான் விலகியது. தேர்வில் விடைமீது சந்தேகம் வந்தால் இப்படி நாலைந்து கூடு போட்டுச் சரிபார்க்கத் தயங்காதீர்கள். மூன்று நிமிடம் செலவழிக்கத் தகுந்த வேலை.

மூடிய பரப்புக்குள் இருக்கும் மின்னூட்டத்தை அதன் வழியே செல்லும் மின்புலத்தோடு இணைக்கும் காஸ் விதிக் கணக்குகளில் அடுத்த கேள்வி பெரும்பாலும் 5 செ.மீ. ஆரத்துக்குள் எவ்வளவு என்பதாக இருக்கும். மாற வேண்டியது தொகையிடலின் மேல் வரம்பு மட்டும். அடர்த்திச் சூத்திரத்துக்குள் இருக்கும் வெளி ஆரம் அந்தக் கோளத்தின் சொத்து, அது 10 செ.மீ. ஆகவே நிற்கும். அதையும் 5 ஆக்கிவிட்டால் 0.79 என்று வரும். சரியான விடை 1.96, மொத்தத்தில் பதினாறில் ஐந்து பங்கு.

அடர்த்தி ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாகக் கேட்டால், மையத்தில் அது முடிவிலியாகிறதே என்று பயப்பட வேண்டாம். கூட்டின் கன அளவிலுள்ள ஆரம்² அதை அடித்துவிடும். விடை 4 × பை × மாறிலி × வெளி ஆரம். மும்மடிக்கு எதிர்விகிதம் என்றால்தான் தொகை கட்டுக்கடங்காமல் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: அடர்த்தி ஆரத்தை மட்டுமே சார்ந்திருக்கிறதா? கோணத்தையும் சார்ந்திருந்தால் 4 × பை × ஆரம்² என்ற குறுக்குவழி செல்லாது. துருவக் கோணத்தின் (மேல்நோக்கிய அச்சிலிருந்து அளக்கும் கோணம்) கொசைனுக்கு நேர்விகிதத்தில் அடர்த்தி இருந்தால், மேல் அரைக்கோளம் நேர்க்குறி, கீழ் அரைக்கோளம் எதிர்க்குறி; மொத்தம் சுழி. கோணங்களுக்கும் தொகையிட்டால்தான் அது தெரியும்.

பயிற்சிக்கு ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அடி ஆற்றல் நிலையில் எலக்ட்ரான் மேகத்தின் அடர்த்தி மையத்தில் உச்சம். வெளியே போகப் போக அடுக்குக்குறி விதிப்படி தேய்கிறது. அடுக்கு, −2 × ஆரம் ÷ போர் ஆரம் (அந்த நிலையில் எலக்ட்ரானைக் காண மிக அதிக வாய்ப்புள்ள ஆரம்). முன்னே நிற்கும் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம் ÷ (பை × போர் ஆரம்³). மேல் வரம்பு முடிவிலி. பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்தால் மொத்தம் சரியாக ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டமாக வர வேண்டும். பிறகு மேல் வரம்பைப் போர் ஆரமான 0.529 ஆங்ஸ்ட்ராமில் நிறுத்துங்கள். 32.3 சதவீதம் கிடைத்தால் கீழ் வரம்பையும் விடாமல் போட்டிருக்கிறீர்கள்.